வளையத்துக்கு மேலே ஒரு கை

தம்பிகளே,

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதிலும் கடைசி ஆண்டில் பாதி நாள் கூரைக்கு ஓடு போடும் வேலைக்குப் போய்விட்டேன். ஓடு தூக்கிப் பழகிய விரல்களுக்குள் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எழுத்துப் பிழைகளை என் மூத்த மகள் பார்த்துத் திருத்தியிருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பியவை எல்லாம் என்னுடையவை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நீங்கள்தான். இந்த ஆண்டு நம் பஸ் பணிமனையின் கூடைப்பந்து அணிக்கு நாலு பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள். பந்து வைக்கும் அறையில் நீங்கள் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும். "ஜெயிச்ச கோப்பையத் தட்டி விட்டது இந்த நெட்டையண்ணன்தானாமே?" என்று ஒருவர் கேட்டார். "தட்டுனாரா, வேணும்னே செய்தாரா?" என்று இன்னொருவர் கேட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கூடை வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. எதிரே இரண்டு பேருக்கு மேல் இருந்தால் என் நாக்கு எழும்பாது.

நம் கேப்டன் நாளை திருவனந்தபுரம் பக்கத்துப் பணிமனைக்குப் போகிறார். நம் நாகர்கோவில் பக்கத்துத் தாலுகாக்கள் நாளை முதல் திருவனந்தபுரம் அரசை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்வதால் ஆட்களைப் பிரித்திருக்கிறார்கள். இன்று காலை அவர் என்னிடம் ஒரு புது நோட்டுப் புத்தகத்தைத் தந்தார். "அண்ணே, நீங்க வாயால சொல்ல மாட்டிய. எழுதியாவது வையுங்க. புதுப் பயலுவ படிக்கட்டும்" என்றார். அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுத் தந்தவர். இதை அவரும் படிப்பார். அவருக்கும் ஒரு விஷயம் தெரியாது.

என்னைப் பந்துக்காக வேலைக்கு எடுத்தார்கள். நீங்களும் அப்படி வந்தவர்கள்தான். காலையில் பட்டறையில் பெயருக்கு ஒரு வேலை, மாலையில் மைதானம். நிரந்தர ஆர்டர் கைக்கு வரும் வரை பட்டறைக்காரர்கள் நம்மை ஆட்டக்காரன் என்பார்கள், ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பட்டறைக்காரன் என்பார்கள்.

1950இல் இந்தப் பட்டறைக்குப் புதிதாக ஓடு போட்டபோது நான் கீழே நின்று ஓடு எறிகிறவனாக வந்தேன். கூரை வேலையைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கீழே நின்று, இரண்டு கையாலும் முழங்காலுக்கு நடுவிலிருந்து ஓட்டை மேலே எறிவார். கூரையில் நிற்பவர் வாங்கி அடுக்குவார். எனக்கு மேலே நின்று வாங்கியவர் தக்கலை மைதீன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே அழைப்பேன். ஒன்பது வருடம் நாங்கள் ஜோடி. அந்த ஒன்பது வருடத்தில் தவறி விழுந்து உடைந்த ஓடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. அது ஒன்று இருந்தது.

அந்தப் பட்டறைக் கூரை வேலையின்போது ஒரு நாள், பணிமனை சூப்பரண்டு ஐயாவும் கேப்டனும் நிழலில் நின்று அரை மணி நேரம் என்னையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கேப்டன் வந்து, "அண்ணே, ஓட்ட எறியிற மாரி ஒரு பந்த எறிவியளா?" என்று கேட்டார். என் உயரம் ஆறடி மூன்று அங்குலம். எதற்குக் கேட்கிறார் என்று புரியாமலே சரி என்றேன். அடுத்த வாரம் தற்காலிக ஆளாக என்னைச் சேர்த்தார்கள். முப்பத்திரண்டு வயதில் நான் ஆட்டக்காரன் ஆனேன்.

ஓடும்போதும் குதிக்கும்போதும் எனக்குக் குறை இல்லை. பந்து வரும், எடுப்பேன், போடுவேன். அப்போது யார் பார்க்கிறார்கள் என்று நினைக்க நேரம் இருக்காது. ஆட்டத்தை நிறுத்தி, என்னை மட்டும் கோட்டில் நிறுத்தி, ஃப்ரீ த்ரோ என்று பந்தைக் கையில் கொடுத்தால்தான் வினை. தடுக்க ஒருவரும் இல்லை. பதினைந்தடி தூரம், பத்தடி உயரம். நான் ஓடு எறிந்த கூரைகள் அதைவிட உயரம்.

முதல் ஆட்டத்தில் முதல் எறி வளையத்துக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. கூட்டத்திலிருந்து ஒருவன், "ஏலே, ஓடு உடஞ்சிட்டு!" என்று கத்தினான். அதற்குப் பிறகு ஓராண்டுக்கு, நான் கோட்டில் நின்றாலே ஊர் முழுக்க அதையே சொன்னது. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கொடுப்பவர்கூட, "அண்ணே, பாத்து நில்லுங்க, ஓடு கீடு உடஞ்சிரப் போவுது" என்பார்.

ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஸ்டோர் கீப்பர் வளையத்தின் முன் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். ஒரு டிரைவர் பின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். ஒருவர் மூச்சை அடக்கு என்றார்; இன்னொருவர் மூச்சை அடக்கினால் கை இறுகும் என்றார். ஒவ்வொன்றும் ஒரு நாள் பலித்தது. மறுநாள் பலிக்கவில்லை. விடியற்காலையில் தனியாகப் போய் எறிந்து பார்ப்பேன். சில நாள் பத்துக்குப் பத்தும் விழும். சில நாள் ஒன்றும் விழாது. அதே கை, அதே பந்து, அதே வளையம். என்ன மாறியது என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் மனைவி மட்டும் ஒரே வார்த்தையில் முடித்தாள். "கல்யாண வீட்டுல நாலு பேரு முன்னால எனக்கிட்டயே பேச மாட்டிய. ஊரு பூரா பாத்துட்டு நிண்ணா பந்து எப்பிடிப் போவும்?"

எதிர் அணிகளுக்கு இது தெரிந்துபோயிற்று. நான் வளையத்துக்குக் கீழே பந்தோடு எழும்பினால் உடனே கையைப் பிடித்து இழுப்பார்கள். எனக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். அந்த இடத்தில் கேப்டன் என்னைக் காப்பாற்றினார். ஃப்ரீ த்ரோ வேண்டாமென்றால் கேப்டன் அதை விட்டுவிட்டு, நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து பந்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் உண்டல்லவா? ரெஃப்ரி கேட்பதற்கு முன்பே கேப்டன், "பக்கம்!" என்று சொல்லிவிடுவார். கூட்டம் ஊளையிடும். அவர் காதில் வாங்க மாட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்கு நடப்பேன்.

1951இல் சூப்பரண்டு ஐயா எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். அந்த வருடம் கோப்பை வந்தால் தற்காலிக ஆட்கள் ஆறு பேருக்கும் நிரந்தர ஆர்டருக்கு எழுதுவார். வராவிட்டால் மேலே உள்ளவர்களிடம் பேச அவருக்கு வாய் இல்லை. அவரவர் பழைய வேலைக்குப் போய்க்கொள்ள வேண்டியதுதான். அந்த ஆறு பேரில் நான் ஒருவன். நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு பிடித்து மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வந்துவிட்டேன். என் பழைய கூட்டத்தில் வேறொருவன் ஓடு எறியச் சேர்ந்துவிட்டான். திரும்பிப் போக எனக்கு இடம் இல்லை.

கேப்டனுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. "அண்ணே, நீங்க கூரைக்கு எறியும்ப எதப் பாத்து எறிவிய?" என்று கேட்டார். நான் யோசித்து, "காக்காவுக்க கையைப் பாத்து" என்றேன். "அப்பம் அந்தக் கை இங்க வேணும்" என்றார்.

மறுநாள் மைதீன் காக்கா வந்தார். பட்டறையில் ஓடாமல் நின்ற பழைய பஸ் ஒன்றை எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு வந்து வளையத்தை ஒட்டி நிறுத்தினோம். காக்கா பஸ்ஸின் கூரையில் ஏறிக் குத்தவைத்து உட்கார்ந்தார். வளையத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன கூடைப்பா, அடியே இல்ல! இதுல என்னத்த தங்கும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. "காக்கா, நீங்க கையை வளையத்துக்கு மேல காட்டிட்டு இருந்தா போதும். பந்தத் தொடப்பிடாது" என்றார்.

"தொடல்ல. நீங்க எறியச் சொல்லுங்க."

அன்று பத்தில் எட்டு விழுந்தது. மறுநாள் ஒன்பது. மாலை வெயில் பலகைக்குப் பின்னாலிருந்து நேராக எங்கள் கண்ணில் அடிக்கும். பந்து மேலே போவது தெரியும், காக்காவின் கை கறுப்பாகத் தெரியும், வலை அசைவது தெரியும். அவ்வளவு போதுமாக இருந்தது. கேப்டன் ஒரு கரித்துண்டால் பஸ்ஸின் பக்கவாட்டில் கோடு போட்டு எண்ணினார். ஆறு நாளில் அந்த பஸ் முழுக்கக் கோடு. ஆறாம் நாள் அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சூப்பரண்டு ஐயாவிடம் போய், "செல்லையண்ணனுக்குச் சரியாயிட்டு சார். இனி நான் பக்கம் கேக்க மாட்டேன்" என்று சொன்னார்.

நானும் அப்படித்தான் நம்பினேன்.

இறுதி ஆட்டத்தன்று மூன்று மணிக்கு மைதானத்து வாசலில் காக்கா எனக்காகக் காத்து நின்றார். சலவை வேட்டி, தலையில் புதுத் தொப்பி. ஆனால் முகம் சரியில்லை.

"மக்கா, ஒண்ணு சொல்லணும். மூணு நாளா வச்சுட்டு இருக்கேன்."

"என்ன காக்கா?"

"நான் தொட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "எதத் தொட்டிய?"

"பந்த. வளையத்துக்கு மேல வரும்ப பைய உள்ள தட்டி விட்டேன். வெயிலுல ஒங்களுக்குத் தெரியல்ல."

"எத்தனை?"

"பாதிக்கு மேல இருக்கும்."

"காக்கா, தொடப்பிடாதுன்னு சொன்னாருல்லா?"

"சொன்னாரு. நானும் செரின்னுதான் சொன்னேன். ஒம்பது வருசம் ஒனக்க ஓட்ட வாங்குன கை மக்கா இது. வாறத விடுன்னு சொன்னா கை கேக்குமா?"

நான் அவர் கையைப் பார்த்தேன். பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அப்பம் ஓடு? அதும் இப்பிடித்தானா?"

அவர் தொப்பியைக் கழற்றி உதறி மறுபடி வைத்துக்கொண்டார். "நீ நல்லாத்தான் எறிவ. ஒரு சாண் அங்க வரும், ஒரு சாண் இங்க வரும். நான் போயி எடுத்துக்கிடுவேன். எல்லாவனுக்கும் அப்பிடித்தான் மக்கா. அதுக்குத்தானே மேல ஒரு ஆளு நிக்கது?"

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு மைதானத்து வாசலே ஒரு பக்கமாகச் சாய்வது போல இருந்தது. என்னை எந்தக் கைக்காக வேலைக்கு எடுத்தார்களோ, அந்தக் கை என்னுடையதில்லையா? அப்படியானால் விடியற்காலையில் தனியாக எறிந்து பத்தும் விழுந்த நாள்களில் யார் தொட்டார்கள்? இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இன்றுவரை இந்த இரண்டையும் என்னால் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை.

தம்பிகளே, நான் செய்த உண்மையான பிழை இனிமேல்தான் வருகிறது. வளையத்தில் கை வைத்ததை மட்டும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இரண்டாவது பிழை.

நான் நேராகக் கேப்டனிடம் போனேன். அவர் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, இண்ணைக்கு ஒங்க நாளு" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"என்னண்ணே, தண்ணி வேணுமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். செம்பில் தண்ணீர் தந்தார். குடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. தாகமே இல்லாமல் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததையும் அதோடு விழுங்கிவிட்டு மைதானத்துக்குள் போனேன்.

எதிரே ஆடியவர்கள் திருவனந்தபுரத்து அணி. அவர்களுக்கும் என் கதை தெரியும். முதல் ஐந்து நிமிடத்திலேயே என்னைப் பிடித்து இழுத்தார்கள். ரெஃப்ரி கேப்டனைப் பார்த்தார். கேப்டன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எறிவாரு" என்றார். நான் கோட்டில் நின்று வளையத்துக்கு மேலே பார்த்தேன். அங்கே ஆகாயம்தான் இருந்தது. பந்து ஒரு சாண் முன்னால் விழுந்தது. "ஓடு உடஞ்சிட்டு!" என்றது கூட்டம்.

அந்த ஆட்டத்தில் நான் எறிந்தவை ஆறு. உள்ளே போனது ஒன்று, அதுவும் பலகையில் கோணலாகப் பட்டு. ஒவ்வொரு முறையும் கேப்டன், "எறிவாரு" என்றார். ஒவ்வொரு முறையும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆறு நாள் தன் கையாலேயே கோடு போட்டவர் அல்லவா? நடுவில் ஒருமுறை என் தோளைத் தொட்டு, "கையை நெனச்சுக்கிடுங்க அண்ணே, காக்காவுக்க கையை" என்றார். காக்கா வளையத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கி ஒளித்து வைத்திருந்தார்.

நான் கோட்டைவிட்ட புள்ளிகளுக்காகக் கேப்டன் இரண்டு ஆள் ஆட்டம் ஆடினார். அப்படி ஆடியதில் அவருக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. ஒரு நிமிடம் மீதி இருக்கும்போது வெளியே போனார். போகும்போது என்னிடம் வந்து, "உள்ள இருக்கதுல மூத்தது நீங்கதான். இனி கேப்டன் நீங்க. கேட்டா நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். கடைசி நொடிகளில் பந்து என் கைக்கு வந்தது. எழும்பினேன். இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ. நேரம் பார்ப்பவர் விரலைக் காட்டினார்: ஐந்து நொடி.

ரெஃப்ரி பந்தோடு என்னிடம் வந்தார். "எறியிறியா, பக்கமா?"

இரண்டும் விழுந்தால் ஆறு பேருக்கும் வேலை. ஒன்று விழுந்தால் ஆட்டம் நீளும். இரண்டும் விழாவிட்டால் முடிந்தது. பக்கம் கேட்டால் பந்து நம் கையில், ஐந்து நொடி. கேப்டன் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எறியுங்கள் என்று அவர் கண் சொன்னது. அந்தக் கண் ஆறு நாள் பஸ்ஸில் போட்ட கோடுகளை நம்பியது. அந்தக் கோடுகள் பொய் என்று அந்த மைதானத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

"பக்கம்" என்றேன்.

ரெஃப்ரிக்குக் கேட்கவில்லை. "என்ன?"

"பக்கம்!" என்று கத்தினேன். மைதானத்தில் என் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே யாரோ கத்தியது போல இருந்தது.

ஊளை எழுந்தது. "ஏலே, பயந்தாங்கொள்ளி!" என்றார்கள். நம் ஆட்களிலேயே ஒருவன், "செல்லையண்ணே, எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுராதியும்" என்று பல்லைக் கடித்தான். அவனும் ஆறு பேரில் ஒருவன்.

நீங்கள் கேட்கலாம், அது நல்ல முடிவா, பயமா என்று. நானும் ஐந்து வருடமாகக் கேட்கிறேன். என் எறி எப்படிப்பட்டது என்று தெரிந்ததால் பக்கம் கேட்டேன் என்று ஒரு நாள் தோன்றும். கோட்டில் தனியாக நிற்க முடியாமல்தான் கேட்டேன் என்று மறுநாள் தோன்றும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

பந்து நடுக்கோட்டிலிருந்து நம் கண்டக்டர் பையனுக்குப் போனது. அவன் இரண்டடி ஓடித் தூரத்திலிருந்தே எறிந்தான். நல்ல எறி. வளையத்தில் பட்டு எழும்பி, மறுபடி விளிம்பில் உட்கார்ந்து உருண்டது. நான் அதற்கு முன்பே கீழே ஓடி எழும்பியிருந்தேன். வெளியே விழுந்தால் எடுக்கலாம் என்றுதான் கையை நீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், காத்திருக்கத்தான் நினைத்தேன்.

பந்து என் கைக்குப் பக்கத்தில் வந்தது. கை தானாகப் போய்விட்டது.

பைய உள்ளே தட்டிவிட்டேன். வலை அசைந்தது. நம் பக்கம் எல்லோரும் குதித்தார்கள். விசில் இரண்டு முறை ஊதியது. பந்து வளையத்தின் மேல் இருக்கும்போது தொடக்கூடாது. புள்ளி சேராது என்று ரெஃப்ரி கையை ஆட்டினார். நேரம் முடிந்திருந்தது.

தானாகவே உள்ளே விழுந்திருக்கும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வெளியேதான் விழுந்திருக்கும் என்று மீதிப் பேர் சொன்னார்கள். கூட்டம் கலைந்த பிறகும் தெருவில் நின்று சண்டை போட்டார்கள். கேப்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். பிறகு, "எதுக்குண்ணே தொட்டிய?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல்ல" என்றேன்.

மறுநாள் அவர் சூப்பரண்டு ஐயாவின் அறைக்குப் போய், தப்பு தன்னுடையது என்றும், என் எறியைத் தான் தப்பாகக் கணித்துவிட்டதாகவும் சொல்லிவிட்டு வந்தார். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை. அன்றும் என் நாக்கு எழும்பவில்லை. கேப்டன், உங்களுக்குத் தெரியாத விஷயம் இதுதான். நீங்கள் கணித்தது சரி. உங்களுக்குக் கிடைத்த கணக்குதான் தப்பு. அது தப்பென்று ஆட்டத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். நீங்கள் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்லாமல் போனேன். காக்காவின் மேல் வருத்தப்படாதீர்கள். அவர் என்னிடமாவது சொன்னார்.

மூன்று வாரம் கழித்துச் சூப்பரண்டு ஐயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. கணக்குத் தீர்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று பட்டறை முழுவதும் நினைத்தது. மனைவியிடம் சட்டி பானையைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அவர் திருவனந்தபுரத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம். "எடோ செல்லையா, நேரு சொல்லு. நீ தொட்டில்லெங்கில் அது உள்ளே வீழுமாயிருந்நோ?" உண்மையைச் சொல், நீ தொடாவிட்டால் பந்து தானாக உள்ளே விழுந்திருக்குமா என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"எல்லாவனும் தெரியும் என்னு சொல்றான். தொட்ட ஆளுக்கு மட்டும் தெரியாதா?"

"தெரியாது சார்."

அவர் சிரித்தாரா, முறைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. தலை குனிந்திருந்தேன். அதனால்தான் அவர் மேசையைப் பார்த்தேன். காகிதங்களின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் விரலை மேலே நீட்டி, "இது தெரியுமோ?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில் இரண்டு ஓடு விலகியிருந்தது. "இது தெரியும் சார்" என்றேன்.

மழை விட்ட நாளில் வேலை தொடங்கியது. மேலே நின்று வாங்க ஆள் வேண்டும் என்று மைதீன் காக்காவைக் கூப்பிட்டேன். அவருக்கு அதற்கு முந்தின வாரம் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியிருந்தது. மேலே ஏற முடியாது. அதனால் நான் கூரையில் ஏறினேன், அவர் கீழே நின்றார். ஒன்பது வருடத்தில் நாங்கள் இடம் மாறியது அன்றுதான்.

அந்த வேலை முடிந்ததும் எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அதில் கட்டடப் பராமரிப்பு ஆள் என்று போட்டிருந்தது. கூடைப்பந்து என்ற சொல்லே அதில் இல்லை. மற்ற ஐந்து பேரையும் சூப்பரண்டு ஐயா எப்படியோ இன்னும் ஒரு வருடம் தற்காலிகமாகவே வைத்துக்கொண்டார்; அடுத்த வருடம் கோப்பை வந்தபோது அவர்களுக்கும் கிடைத்தது. அந்த இறுதி ஆட்டத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகும் மூன்று வருடம் ஆடினேன். ஃப்ரீ த்ரோ பத்தில் நாலுக்கு மேல் ஒருபோதும் போகவில்லை. கேப்டன் பழையபடி, "பக்கம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு நான் என்ன சொல்வது? பயிற்சியில் நன்றாகப் போய் ஆட்டத்தில் போகவில்லையென்றால், பயிற்சியில் வேறு யாருடைய கையாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கேப்டனிடம் சொல்லுங்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். இதற்கு மேல் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றும் இல்லை.

அன்று கூரையில் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். காக்கா அதற்கு முன் யாருக்கும் எறிந்தவர் இல்லை. முதல் ஓடு என் முழங்காலுக்கு வந்தது. குனிந்து பிடித்தேன். இரண்டாவது தலைக்கு மேலே போயிற்று. எழும்பிப் பிடித்தேன். ஒரு சாண் இல்லை, இரண்டு முழம் அங்கும் இங்குமாக வந்தது. என் கை தானாகப் போய்ப் போய் எடுத்தது. மதியம் வரைக்கும் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. சாப்பாட்டுக்கு நிறுத்தும் நேரத்தில் காக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். வியர்வையில் முகம் மின்னியது.

"பாத்தியா மக்கா? ஒண்ணாவது தப்பிச்சா? நான் எறியிறத!"

"இல்ல காக்கா" என்றேன்.

"பொறவு? இன்னும் ஒண்ணு வருது, புடி!"

அது இடப்பக்கம் வெகுதூரம் விலகி வந்தது. எட்டிப் பிடித்தேன்.

நாகர்கோவில்,
1956 அக்டோபர் 31, புதன்கிழமை.